முத்தட்டும் என்றார் கண்ணாடிக்காரர்

அன்று காலை கண்ணாடிக்காரர் பண்ணிய அலப்பறையைத் தெருவில் யாரும் இன்னும் மறக்கவில்லை. அவருக்கு அப்போது வயது அறுபத்தொன்று. இருபது வருஷமாகப் படிக்கிற கண்ணாடி இல்லாமல் ஒரு வரி ஓடாது. அன்று கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தவர், மேஜையில் கிடந்த மனைவியின் மாத்திரை அட்டையைச் சும்மா கையில் எடுத்துத் திருப்பியிருக்கிறார். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொழிற்சாலையின் முகவரி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அதோடு விட்டாரா? அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

"யாராவது இதைப் படிங்கய்யா பாப்போம்" என்று நீட்டினார். நாற்பது வயதுக்காரர்களே அட்டையை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு விழித்தார்கள். கண்ணாடிக்காரர் வாங்கி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கடகடவென்று வாசித்தார். "காலையில எந்திரிச்சதும் பச்சைத் தண்ணியில கண்ணு கழுவணும். கண்ணை இப்படிச் சுத்தணும், அப்படிச் சுத்தணும். உள்ளங்கையைத் தேய்ச்சு ஒத்தி எடுக்கணும். முப்பது வருஷமா விடாம பண்றேன். கண்ணைப் பழக்கினா கண்ணு சொன்ன பேச்சு கேக்கும்" என்றார்.

அவர் சொன்னால் தெரு கேட்கும். ஏனென்றால் அவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். முன்னால் ஃபிரேம்களை அடுக்கி வைத்துச் சிரித்துப் பேசி விற்கிற வேலை இல்லை. பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் சாணைச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வட்டமாக வந்த லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு விளிம்பு தேய்த்து மாட்டுகிற வேலை. முப்பத்து மூன்று வருஷம். சக்கரத்தில் சொட்டுகிற தண்ணீரில் விரல் நுனி எப்போதும் வெளுத்து ஊறிப்போயிருக்கும். அவர் தேய்த்த விளிம்பில் நகத்தை ஓட்டினால் எங்கேயும் தடுக்காது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

அதில் நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. அந்தக் காலத்தில் கடையின் முன்னறையில் ஒரு கண் டாக்டர் சாயங்காலங்களில் வந்து உட்காருவார். தட்டி மறைப்புக்கு இந்தப் பக்கம் நம்மவர் தேய்த்துக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் டாக்டர் சொல்வதெல்லாம் காதில் விழும். காதில் விழுந்ததை எல்லாம் படித்ததாக நினைத்துக்கொண்டார் கண்ணாடிக்காரர். டாக்டர் காலமாகிப் பதினைந்து வருஷம் ஆயிற்று. அவர் சொன்ன வைத்தியம் மட்டும் நம்மவர் வாயில் சாகாமல் இருந்தது. தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும், நீர் வடிந்தாலும், இமையில் கட்டி வந்தாலும் நேரே அவரிடம்தான் வருவார்கள். பாதிப் பேர் கேலியாகவும் பாதிப் பேர் நிஜமாகவும் அவரை "டாக்டரே" என்று கூப்பிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளி, ஒரு தையற்கடையின் மாடியில் ஓர் அறையும் சமையல் இடமுமாக இருந்தாள். அவரைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது. கீழே தையற்காரம்மா தைத்து அனுப்புகிற சட்டைகளுக்குக் காஜா போடுவதும் பொத்தான் வைப்பதும்தான் அக்காவின் வேலை. பொத்தான் துளையைச் சுற்றி நூலை முடிச்சு முடிச்சாக நெருக்கி வைக்கிறதே காஜா. மெஷின் வந்த பிறகும், நல்ல சட்டை போடுகிறவர்கள் அக்காவின் கைக் காஜாதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். நாள் முழுக்க ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கண்ணும் கையும் இருக்கிறவரை எவன் தயவும் வேண்டாம் என்பது அவள் அடிக்கடி சொல்கிற பேச்சு.

கடைக்குப் போட்டுப் போகிற கண்ணாடிக்காரரின் வெள்ளைக் கோட்டுக்கும் அவள்தான் பொத்தான் வைப்பாள். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு பொத்தான் தொங்கியதில்லை.

அக்காவுக்கு அறுபத்தைந்தாம் வயதில் கண்ணில் மப்பு தட்ட ஆரம்பித்தது. "சமையல் ஆவி பட்ட கண்ணாடி வழியாப் பாக்கிற மாதிரி இருக்குடா" என்றாள். தம்பி சும்மா இருப்பாரா? கடை மூடுகிற நேரத்தில் அவளைக் கூட்டிப்போய், சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெரியுதா, இதுலயா" என்று கேட்டு, தன் கையாலேயே தேய்த்து ஒரு கண்ணாடி பண்ணிக் கொடுத்தார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். தையற்காரம்மாவிடம், "என் தம்பி பண்ணினது, கடையில வாங்கினது இல்ல" என்று காட்டினாள். ஆறு மாசத்தில் மறுபடியும் மப்பு. மறுபடியும் கண்ணாடி. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் பவர் மைனஸ் பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. அந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் அது ஏன் என்று ஒரு நிமிஷம் தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடிக்காரருக்கு அக்கா முகத்தில் வருகிற சிரிப்புதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஒரு கண் பரிசோதிக்கும் மெஷினும், அதை இயக்க ஒரு பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள். கண் பரிசோதனைக்கென்றே நாலு வருஷம் படித்தவள். கண்ணாடிக்காரர் அவளுக்கு "மெஷின் பொண்ணு" என்று பெயர் வைத்தார். முகத்துக்கு நேரே "என்னம்மா" என்பார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், "மெஷின் இல்லேன்னா இவளுக்கு வலது கண்ணு எது, இடது கண்ணு எதுன்னே தெரியாது" என்பார்.

மாத்திரை அட்டை படித்த அன்று மத்தியானம் அதே சந்தோஷத்தோடு கடைக்குப் போனார். கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அந்தப் பெண்ணிடமும் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. "சார், ஒரு நிமிஷம் மெஷின்ல உக்காருங்களேன்" என்றாள். பெருமையை மெஷினும் பார்க்கட்டும் என்று போய் மோவாயைத் தூக்கி வைத்தார்.

அவள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான், சொன்னாள்: "சார், ரெண்டு கண்ணுலயும் புரை ஆரம்பிச்சிருக்கு. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசானா தடிச்சு இறுகும். அப்படி இறுகும்போது பவர் மைனஸ் பக்கம் போகும். அதனாலதான் கிட்ட இருக்கிறது கண்ணாடி இல்லாமத் தெரியுது. தூரத்துல இருக்கிறது மங்கலா இருக்குமே, கவனிச்சீங்களா? இந்தக் கிட்டப் பார்வையும் கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் அதுவும் மங்கிடும்."

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் தெருவையே கூட்டி வைத்து அளந்ததெல்லாம் ஒரு நிமிஷத்தில் காற்றில் போயிற்று. அவளாவது அதோடு நிறுத்தினாளா என்றால் அதுவும் இல்லை. அவள் நல்ல பெண், நல்லதற்குத்தான் சொன்னாள். "உங்க அக்கா கார்டையும் பாத்தேன் சார். ரெண்டு வருஷத்துல நாலு தடவை பவர் மாத்தியிருக்கீங்க. அவங்களுக்கு சுகர் வேற இருக்குன்னு எழுதியிருக்கு. சுகர் இருந்தா புரை இன்னும் வேகமா வளரும். கண்ணாடியை மாத்தி மாத்திக் கொடுக்கிறதுல பிரயோஜனம் இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க. சீட்டு எழுதித் தரேன்." எழுதினாள். தேதி போட்டாள். கிழித்துக் கொடுத்தாள். அவர் எழுந்திருக்கும்போது, "சார், உங்க கோட்டுல பொத்தான் எல்லாம் மஞ்ச நூல்ல தைச்சிருக்கு, கவனிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளை நூல்தான் என்று அடித்துச் சொன்னார். பின்னறைக்குப் போய் உட்கார்ந்து, சக்கரத்தை ஓடவிட்டு, எடுத்த லென்ஸைத் தேய்க்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். நேற்று வந்த பெண், அத்தனை பேர் முன்னாலே. சீட்டைக் கோட்டுப் பையில் வைத்தார். சாயங்காலம் அக்கா வீட்டைத் தாண்டித்தான் தன் வீட்டுக்குப் போனார். படி ஏறவில்லை. வீட்டில் மேஜை இழுப்பறையில், பழைய ஸ்க்ரூக்களுக்கு அடியில் சீட்டைத் தள்ளிவிட்டார். அக்காவுக்குப் புரை என்று ஒப்புக்கொண்டால் தனக்கும் புரை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தக் கணக்கை அவர் மனதுக்குள்கூட உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. அந்தப் பெண் இடையில் மூன்று தடவை, "அக்காவைக் காட்டினீங்களா சார்?" என்று கேட்டாள். "காட்டியாச்சும்மா, பாத்துட்டு இருக்காங்க" என்று பூசி மெழுகினார்.

அக்காவே ஒருநாள் கேட்டாள். ஊசியில் நூல் கோக்கத் தையற்காரம்மாவின் உதவி வேண்டியிருந்தது அப்போது. கறுப்புச் சட்டைக்குக் கருநீல நூலில் காஜா போட்டு, ஒரு டஜன் சட்டையைப் பிரித்து மறுபடியும் போட வேண்டி வந்திருந்தது. விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. எதிர் வெயிலில் படி இறங்க முடியவில்லை.

"தையற்காரம்மா சொல்றா, ஆஸ்பத்திரியில காட்டினா ஒரு நாள்ல எடுத்துடுவாங்களாம். அவ சித்திக்குப் பண்ணினாங்களாம். நீ என்னடா சொல்றே?"

அந்தக் கேள்வியை அவள் டாக்டரைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கண்ணாடிக்காரர் அவள் மோவாயைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்தில் திருப்பி, வலது கண்ணைப் பார்த்தார். தன் கண்ணிலேயே மப்பு இருக்கிறவர் இன்னொருத்தர் கண்ணில் எதைப் பார்க்க முடியும்? ஆனாலும் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இன்னும் முத்தலைக்கா. பிஞ்சுல கை வெச்சா வேர் அறாது, திரும்ப வந்துடும். நல்லா முத்தட்டும். நானே நேரம் பாத்துச் சொல்றேன்."

இது அவராகக் கட்டியது இல்லை, பழைய டாக்டர் சொன்னதில் பாதி. அந்தக் காலத்தில் கண்ணை அரைவட்டத்துக்கு வெட்டித் திறந்து புரையை முழுசாக எடுப்பார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போடுவார்கள். பிறகு ஆயுசு முழுக்கச் சோடாபுட்டிக் கண்ணாடி. அத்தனை பாடு இருந்ததால், பார்வை நன்றாகக் குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தள்ளிப்போடச் சொல்வார். வேர், பிஞ்சு என்பதெல்லாம் நம்மவர் கைச்சரக்கு. இப்போது சின்னத் துளை, உள்ளே புது லென்ஸ், கால் மணி நேரம். கண்ணாடிக் கடையிலேயே குப்பை கொட்டுகிற மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். பத்துப் பேர் சொல்லிக் கேட்டிருந்தார். அந்தப் பத்துப் பேரில் அந்தப் பெண்ணும் ஒருத்தி என்பதுதான் சிக்கல்.

"சரி, நீ சொன்னா சரிதான்" என்றாள் அக்கா. அவர் இன்னொரு கண்ணாடி பண்ணிக் கொடுத்தார். அது ஒன்பதாவது.

அதற்குள் கடையிலும் அவர் கதை கந்தலாகியிருந்தது. ஒரு வாடிக்கையாளரின் சீட்டில் லென்ஸை மாட்ட வேண்டிய சாய்வுக் கோணம் நூற்றெழுபது என்று எழுதியிருந்ததை நூற்றிருபது என்று படித்துத் தேய்த்துவிட்டார். அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டு இரண்டு அடி வைத்து, தரை சாய்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். முதலாளி சத்தம் போடவில்லை. மறுநாள் சாணை அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார், நம்மவரை முன்னால் ஃபிரேம் துடைக்க உட்கார்த்திவிட்டார்கள். "சீட்டுல எழுத்து சரியில்ல, யாரு எழுதினாளோ" என்று ஒரு மாதம் சப்பைக்கட்டுக் கட்டினார். சாணை அறை சாவி மட்டும் அவரிடம் இருந்தது. அக்காவின் ஒன்பதாவது கண்ணாடியை ஆள் இல்லாத நேரத்தில் அங்கேதான் தேய்த்தார்.

அக்காவுக்கு வலி வந்தது ஒரு வியாழக்கிழமை. காலையில் எழுந்தபோதே வலது பக்க மண்டையில் ஆணி அடிக்கிற மாதிரி வலி. இரண்டு தடவை வாந்தி. கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. தையற்காரம்மா ஊரில் இல்லை, உறவு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள் அக்கா. தம்பி வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தாள்.

"வாந்தியும் தலைவலியும்னா வயித்துக் கோளாறுதான். வெறும் வயித்துல உக்காந்து வேலை பாத்திருப்பீங்க அண்ணி" என்றாள் மனைவி.

"கண்ணு சிவந்திருக்கே" என்றாள் அக்கா.

"சூட்டுக்கண்ணு" என்றார் கண்ணாடிக்காரர். யாரோ வாடிக்கையாளர் கடையில் விட்டுப்போன பாதி தீர்ந்த சொட்டு மருந்துக் குப்பி ஒன்று அவர் பையில் இருந்தது. இமையைப் பிரித்து இரண்டு சொட்டு விட்டார். "ரெண்டு நாள்ல சரியாயிடும். கண்ணை மூடிப் படுத்துக்கோ." அக்கா கேட்டாள்: "முத்திடுச்சாடா? நேரம் வந்துடுச்சா?" அவர், "சிவப்பு போகட்டும்க்கா, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வியாழன், வெள்ளி. சனிக்கிழமை காலையில் தையற்காரம்மா திரும்பி வந்து மாடி ஏறினாள். அக்கா தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தாள். தையற்காரம்மா கட்டை அவிழ்த்து, கண்ணைப் பார்த்து, வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாள். "எத்தனை விரல்?" அக்கா முகத்தைத் திருப்பி இடது கண்ணால் பார்க்க முயன்றாள். "வெளிச்சமாவது தெரியுதா?" இல்லை என்று தலையாட்டினாள். தையற்காரம்மா செருப்புகூடப் போடாமல் ஓடி வண்டி பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்காரருக்கு விஷயம் போய், அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது அக்காவைச் சோதனை அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

டாக்டரம்மா நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். கண்ணின் அழுத்தம் பார்த்தார். ஊசி போட்டார்கள், கையில் மருந்து ஏற்றினார்கள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா மங்கலா இருக்கும்மா?"

"நாலு வருஷமாங்க."

"யாருமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலையா?"

அக்கா குரல் வந்த திசையைப் பார்த்து, ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். "என் தம்பி கண்ணாடிக் கடையில முப்பத்தஞ்சு வருஷமா இருக்கான். அவனுக்குக் கண்ணைப் பத்தி எல்லாம் தெரியும். முத்தட்டும்னு சொன்னான். அதான் காத்துட்டு இருந்தேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து கண்ணாடிக்காரரைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. "முத்தத்தான் செஞ்சிருக்கு" என்றார். "முத்தி, உப்பி, கண்ணுக்குள்ள நீர் வெளியே போற வழியை அடைச்சிடுச்சு. அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கிடுச்சு. முதல் நாளே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். மூணு நாள் ஆயிடுச்சு. வலி போறதுக்காக அந்தப் புரையை எடுத்துடுவோம். ஆனா அந்தக் கண்ணுல பார்வை வராது."

"புரையை எடுத்தா தெரியும்னாங்களே" என்றாள் அக்கா.

"புரையால போன பார்வை திரும்ப வரும்மா. நரம்பு போனா வராது. இடது கண்ணுலயும் புரை இருக்கு, ஆனா நரம்பு நல்லா இருக்கு. சுகரைக் கட்டுப்படுத்திட்டு அதை எடுத்துடலாம்."

அக்கா அழவில்லை. "காஜா போடலாமா?" என்று மட்டும் கேட்டாள். போடலாம், ஆனால் பழக நாளாகும், ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது, ஊசி எங்கே இருக்கிறது என்று கை தேடும் என்றார் டாக்டரம்மா. கண்ணாடிக்காரர் கதவோரம் நின்றிருந்தார். அவருக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது, உட்காரத் துணிச்சல் வரவில்லை.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆறு வாரம் கழித்து நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா முதல் வேலையாக ஜன்னலோரம் உட்கார்ந்து நூல் பெட்டியைத் திறந்தாள். கறுப்பு ஒரு பக்கம், கருநீலம் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம், வெளிர் மஞ்சள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தாள். நாலு வருஷமாக எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்திருந்தது. கண்ணாடிக்காரர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார், வெள்ளைக் கோட்டோடு. அக்கா அந்தக் கோட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஐந்து பொத்தான்கள், ஐந்திலும் மஞ்சள் நூல்.

"இதைப் போட்டுக்கிட்டா ஊரெல்லாம் சுத்தினே?"

"வெள்ளைதானேக்கா" என்றார், பழக்க தோஷத்தில்.

அக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். அவர் பண்ணிக் கொடுத்த ஒன்பது கண்ணாடியும் அதில் இருந்தது. ஒன்றையும் தூக்கிப் போட்டதில்லை அவள். தம்பி கையால் பண்ணியது. கட்டிலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். நகத்தை விளிம்பில் ஓட்டினாள்.

"இது ரெண்டும் சுத்தமா இருக்கு. இது மூணாவதா? பரவாயில்ல." நாலாவதை எடுத்தாள். ஐந்தாவது. நகம் தடுக்கியது. ஆறாவதில் ஓரம் பொரிந்திருந்தது. ஏழாவதில் லென்ஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சந்து விட்டு, பசை வைத்து அடைத்திருந்தது. ஒன்பதாவதைக் கையில் எடுத்தவள் வெகு நேரம் பார்த்தாள். "கைவேலை பாக்கத் தெரிஞ்சவ நான். இது கோணல் வேலை. உன் கை இப்படிப் பண்ணாது. உனக்கும் கண்ணு தெரியல, அதானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பத்திலிருந்துடா?"

"ரெண்டரை வருஷம் இருக்கும்க்கா."

"யாரு சொன்னது?"

அதற்குமேல் மறைக்க அவரிடம் தெம்பில்லை. மாத்திரை அட்டையிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண், மெஷின், கடையில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்னது, சீட்டு. சீட்டு என்று சொன்னதும் அக்கா கையை நீட்டினாள். "எங்க அது?" வீட்டில் இருக்கிறது என்றார். "கொண்டுவா" என்றாள். அவர் போய், ஸ்க்ரூக்களுக்கு அடியில் துரு படிந்து கிடந்த காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தார். அக்கா அதை மடியில் வைத்து நீவிவிட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் பெயர். இரண்டு கண்ணிலும் புரை. உடனே காட்டவும். தேதி. தேதியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"அன்னிக்கே போயிருந்தா ரெண்டும் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

"அக்கா, நான் வேணும்னு…"

"நீ வேணும்னு பண்ணலடா. அது எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுகிட்டத் தோத்துடக் கூடாதுன்னு பண்ணினே. அதுக்கு என் கண்ணுதான் கிடைச்சுதா உனக்கு?" குரல் உயரவே இல்லை. சீட்டை மடித்துப் பொத்தான் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். "நாளைக்கு நீயும் ஆஸ்பத்திரிக்குப் போறே. நானும் வரேன்."

"எனக்கு இப்ப என்ன அவசரம்? மெதுவா…"

"முத்தட்டும்ங்கிறியா?"

"காலையில எத்தனை மணிக்குக்கா?" என்றார்.

அவருக்கு முதல் கண்ணில் ஆபரேஷன் நடந்தபோது வெளியே பெஞ்சில் அக்காதான் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்து, ஈரப் பஞ்சால் இமையைத் துடைத்துவிட்டாள். கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார். முதலில் சுவர். அது வெள்ளை. இத்தனை நாள் தேநீர் சிந்திய மாதிரி இருந்த உலகத்தில் இப்படி ஒரு வெள்ளை இருந்ததே அவருக்கு மறந்து போயிருந்தது. மூலையில் இருந்த வாளி நீலம். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. கடைசி வரிக்கு முந்தின வரிவரை படித்தார். படிக்கும்போது, ஒரு நிமிஷத்துக்கு, அந்தப் பழைய பெருமை தொண்டை வரைக்கும் எட்டிப் பார்த்தது. குனிந்து கோட்டைப் பார்த்தார். மஞ்சள் நூல்.

பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

இத்தனை மாதமாக அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார். அந்த வலது கண் கொஞ்சம் வாடியிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். இப்போதுதான் பார்த்தார். புரையை எடுத்த பிறகும் கருவிழி பால் ஊற்றிய மாதிரி வெளுத்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, யாரையும் பார்க்காமல் இருந்தது. இமை பாதி சரிந்து கிடந்தது. பக்கத்தில் இடது கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாத் தெரியுதாடா?" என்றாள் அக்கா.

"தெரியுதுக்கா."

"என்ன தெரியுது?"

அவருக்கு உதடு கோணியது. நர்ஸ் பதறிப்போய், "சார், சார், அழக் கூடாது, கண்ணைக் கசக்கிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். ஒரு மாசம் தண்ணீர் படக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, சொட்டு மருந்தை மறக்கக் கூடாது, இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே தெருவில் வண்டிகளும் ஆட்களுமாக ஒரே நெரிசல். கண்ணாடிக்காரர் வழக்கம்போல அக்காவின் இடது பக்கம் வந்து நின்றார். அவள் நின்றுவிட்டாள்.

"இந்தப் பக்கம் எனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் வா" என்றாள். "இனிமே எப்பவும் நீ அந்தப் பக்கம்தான் வரணும்."

அவர் சுற்றிப் போய் அவளுடைய வலது பக்கம் நின்றுகொண்டார். அக்கா நேரே பார்த்தபடி நடந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவர் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். அவளுக்கு அவரைத் தெரியவில்லை.